பாலைவன மண் எல்லாம் ஒன்றா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரத்தில் புவியியலும் விவசாய விஞ்ஞானமும் படிக்கிற பிள்ளைகள், வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் வந்தவர்கள், அவர்களுடைய வீட்டுக்காரர், சும்மா அறிய ஆசைப்படுகிறவர்கள் என்று பலரும் கேட்டவற்றை இங்கே ஓரிடத்தில் போட்டிருக்கிறேன். நான் வளைகுடா நாடொன்றில் மண் பரிசோதனைக் கூடத்தில் சில வருடம் இருந்தவன், இப்போது கொழும்பிலும் அதே தொழில்தான். பாலைவனம் என்றதும் எங்கள் ஆட்களுக்கு ஒட்டகமும் மணல்மேடும் ஞாபகம் வரும், மண் ஞாபகத்துக்கு வராது. அது எனக்குப் பெரிய மனக்குறை. மழை குறைந்த இடத்து மண்ணில் ஆயிரக்கணக்கான வருடமாக நடந்ததெல்லாம் கழுவுப்படாமல் அப்படியே கிடக்கிறது, ஒரு முழம் வெட்டிப் பார்த்தால் தெரியும். இந்தக் கேள்விபதில் முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் அதைத்தான்: மேலே கிடக்கிற மணலைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள், கீழே வெட்டிப் பாருங்கள்.

பாலைவனம் என்றால் மணல். மணலோடு மணலை ஒப்பிட என்ன இருக்கிறது?

மணல்மேடு பாலைவனத்தின் ஒரு பங்குதான். சஹாரா கிட்டத்தட்ட 90 இலட்சம் சதுர கிலோமீற்றர், அதில் மணற்கடல் என்று சொல்லக்கூடியது ஏறக்குறையக் கால்வாசி. மிச்சமெல்லாம் வெறும் பாறைத்தட்டு, சரளைவெளி, வற்றிய ஏரிப்படுகை. கோபியில் மணல் இன்னும் குறைவு, அங்கே காலில் நெருடுவது சரளை. மணலே ஆட்சி செய்கிற இடங்களும் இருக்கின்றன: அரேபியாவின் ருப் அல் காலி ஒரே தொடராக 650,000 சதுர கிலோமீற்றர் மணல், சீனாவின் தக்லமக்கானிலும் பெரும்பகுதி நகரும் மணல்தான். சிலியின் அட்டகாமாவில் உப்பும் ஜிப்சம் என்ற மெதுவான கனிமமும் சேர்ந்து இறுகிய தரை. இஸ்ரேலின் நெகேவில் மா போன்ற வண்டல். அன்டார்க்டிக்காவின் மக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகளில் உறைந்த சரளை.

வருட மழை 250 மில்லிமீற்றருக்குக் கீழே என்பதுதான் பாலைவனத்துக்குப் பொதுவாக எடுக்கிற கணக்கு. அந்தக் கணக்கில் தரை எப்படி இருக்க வேண்டும் என்று ஒன்றுமே இல்லை.

எந்தெந்த இயல்பை எடுத்து ஒப்பிட வேண்டும்? பாடக்குறிப்பில் ஏழெட்டு இருக்கிறது, எல்லாம் எழுதத்தான் வேண்டுமா?

பரீட்சைக்கு எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே பெறுமதி கிடையாது.

முதலில் இழையமைப்பு, அதாவது துணிக்கைகளின் பருமன். 2 மில்லிமீற்றரிலிருந்து 0.05 வரை மணல், 0.05 இலிருந்து 0.002 வரை வண்டல், அதற்கும் கீழே களி. பிறகு அடர்த்தி. குவாட்ஸ் மணல் எதை எடுத்தாலும் அதன் உண்மை அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 2.65 கிராம்தான், ராஜஸ்தானோ நமீபியாவோ வித்தியாசம் வராது. இடையிலுள்ள வெற்றிடத்தையும் சேர்த்துக் கணக்கெடுக்கிற தோற்ற அடர்த்திதான் மாறும். மணல்மேட்டில் அது 1.6 அளவில் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள், வெற்றிடம் 40 சதவீதம். களிமண்ணில் வெற்றிடம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும், ஆனால் அந்தத் துளைகள் மிகச் சிறியவை, தண்ணீர் உள்ளே போவதும் கஷ்டம், வெளியே வருவதும் கஷ்டம்.

அப்புறம் ஊடுவடிதல் வேகம், அதாவது தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிற வேகம், நீர் பிடிக்கும் அளவு, வெப்பக் கடத்தல், நிறம். பாடக்குறிப்புகளில் கடைசி வரியில் போடுகிற இரண்டை நான் மேலே கொண்டுவருவேன்: தரை மேலோடு ஒன்று, கீழே இருக்கிற கடினப்படை மற்றது. இரண்டு பாலைவனங்கள் இழையமைப்பில் ஒரே மாதிரி வந்தாலும் இந்த இரண்டில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் வரும்.

டுபாயைச் சுற்றி அவ்வளவு மணல் இருக்க, கட்டடத்துக்கு அது ஆகாது என்கிறார்கள். உண்மையா?

தனியாகப் போட்டால் ஆகாது, உண்மை. காற்று மணலைச் சல்லடை போல அரித்துக் கொடுக்கிறது என்று வையுங்கள். ரால்ப் பக்னோல்ட் என்ற பிரித்தானிய இராணுவப் பொறியியலாளர் 1930களில் லிபியப் பாலைவனத்தில் காரில் திரிந்து, பிறகு காற்றுச் சுரங்கம் கட்டி இதைத் துணிக்கை துணிக்கையாக ஆராய்ந்தார். அரை மில்லிமீற்றருக்குப் பெரியதைக் காற்றுத் தூக்காது, தரையோடு உருட்டும். 0.1 இலிருந்து 0.5 மில்லிமீற்றர் வரையானது துள்ளித் துள்ளிப் போகும், பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான். தூசு மேலே எழும்பி நாடு விட்டு நாடு போய்விடும். மிச்சம் மணல்மேட்டில் குவிவது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பருமன்.

கொங்கிறீட்டுக்கு அது சரிவராது. பெரியது, நடுத்தரம், சிறியது எல்லாம் கலந்திருந்தால்தான் ஒன்றின் இடைவெளியை மற்றது அடைக்கும். மன்னம்பிட்டிப் பக்கம் அள்ளுகிற மகாவலி ஆற்று மணலைச் சல்லடைத் தட்டுகளில் போட்டுக் குலுக்கினால் ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் நிற்கும். மணல்மேட்டு மணலைப் போட்டால் மேல்தட்டுகள் வெறுமையாக இருக்க, கீழே ஒன்றிரண்டு தட்டில் எல்லாம் வந்து குவிந்துவிடும். எனக்கு முதல்முறை அதைப் பார்த்தபோது சல்லடை பழுதோ என்றுகூடத் தோன்றியது, அவ்வளவு சுத்தமாகப் பிரிந்திருந்தது. உருண்டையாக இருப்பதால்தான் ஒட்டாது என்று பலர் சொல்வார்கள். அதுவும் ஒரு காரணம், ஆனால் ஒரே பருமனாக இருப்பதும் அளவு மீறி நுண்ணியதாக இருப்பதும்தான் பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். வளைகுடாவில் மலைக்கல்லை உடைத்து எடுக்கிற மணலோடு இதையும் ஒரு பங்கு கலந்து பாவிக்கிறார்கள், முழுக்க வீசுவதில்லை.

மணலில் தண்ணீர் நிற்காது, களியில் நிற்கும். அப்படியானால் களி உள்ள பாலைவனத்தில்தானே செடி கூட வளர வேண்டும்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏனென்றால் பதில் தலைகீழ்.

எண்களைப் பார்த்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. செடிக்குக் கிடைக்கக்கூடிய நீர், ஒரு மீற்றர் ஆழ மண்ணுக்கு, மணலில் 25 முதல் 100 மில்லிமீற்றர், இருவாட்டியில் 100 முதல் 175, களியில் 175 முதல் 250 என்று பாசனக் கைநூல்களில் இருக்கும். மழை நிறையப் பெய்கிற ஊரில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

பாலைவனத்தில் ஒரு மழைக்கு 10 மில்லிமீற்றர் விழுகிறது என்று வைப்போம். களித்தரையில் ஊடுவடிதல் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீற்றர்தான், ஆகவே பாதி ஓடிப்போகும். உள்ளே போனதும் மேலே சில சென்ரிமீற்றரில் தங்கி, அடுத்த நாள் வெயிலுக்கு ஆவியாகிவிடும். மணலில் மணிக்கு 30 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கும், ஓடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அதே 10 மில்லிமீற்றர் மணலில் இன்னும் ஆழத்துக்குப் போகும். பிறகு மேல் மணல் காய்ந்து மூடியாகிவிடும், பெரிய துளைகள் வழியாகத் தண்ணீர் மேலே ஏறி வராது. மழை பெய்து கன நாளானாலும் மணல்மேட்டைக் கையால் தோண்டினால் கொஞ்சம் கீழே ஈரம் தட்டுப்படுவது அதனால்தான். ஆகவே வரண்ட நாட்டில் மணலில் செடி நிற்கும், பக்கத்துக் களித்தட்டு மொட்டையாகக் கிடக்கும். தார்ப் பாலைவனத்தில் மணல் 85 சதவீதத்துக்கு மேல் உள்ள வயல்களில் கம்பும் பயறும் விளைவதற்கு இது முக்கிய காரணம்.

களத்தில் அளக்கும்போது இது கண்ணுக்கு நேரே தெரியும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்பு வளையத்தைத் தரையில் அடித்து இறக்கித் தண்ணீர் ஊற்றி, நடு வளையத்தில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்போம். மணல்மேட்டில் ஒருவர் அளவுகோலைப் பார்த்துச் சொல்ல மற்றவர் எழுதுவதற்குள் மட்டம் போய்விடும், தண்ணீர்க் கான் காலியாகும். வற்றிய களித்தட்டில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் மட்டம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

தரை மேலோடு என்று சொல்கிறீர்களே, அது என்ன?

மண்ணின் மேல் சில மில்லிமீற்றர் முதல் சில சென்ரிமீற்றர் வரை இறுகிப்போன படை. அது ஒரே வகை இல்லை.

கலிபோர்னியாவின் மொஹாவியில் தரை முழுக்கக் கூழாங்கல் பதித்த மாதிரி இருக்கும். காற்று மண்ணை அள்ளிக்கொண்டு போக கல் மட்டும் மிஞ்சியது என்று முன்பு நினைத்தார்கள். அங்குள்ள பழைய எரிமலைக் குழம்புத் தரைகளை ஆராய்ந்தபோது பல இடங்களில் நடந்தது வேறு என்று தெரிந்தது: காற்றில் வருகிற தூசு கற்களுக்கு இடையால் கீழே இறங்கிச் சேரச் சேர, கல் மேலேயே நின்றுவிடுகிறது. அந்தக் கல்லைத் தூக்கினால் கீழே வண்டல் படை, அதை உடைத்துப் பார்த்தால் வெட்டிய பாணின் உட்புறம் மாதிரிக் குமிழ் குமிழாக இருக்கும். குமிழ்கள் ஒன்றோடொன்று தொடுப்பில்லாதவை, அதனால் தண்ணீர் இறங்காது. தரை பழையதாகப் பழையதாக ஊடுவடிதல் குறையும். 1942இல் அமெரிக்க இராணுவம் அந்தப் பாலைவனத்தில் பயிற்சி செய்தபோது தாங்கிகள் ஓடிய தடம் இன்றைக்கும் அழியவில்லை.

நெகேவிலும் கொலராடோ மேட்டுநிலத்திலும் உயிருள்ள மேலோடு இருக்கிறது. நீலப்பச்சைப் பாசி, இலைக்கன், பாசித்தாவரம் எல்லாம் சேர்ந்து மண் துணிக்கையைக் கட்டிப் பிடிக்கும். காற்று அரிக்காது. ஒருவர் மிதித்துவிட்டால் பழைய நிலைக்கு வரப் பல வருடம் எடுக்கும், சில இடங்களில் பல தசாப்தம். நடந்து பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து பாதையை விட்டு இறங்காதீர்கள்.

நெகேவின் மேலோடு மழையில் மூடிக்கொள்ளும், தண்ணீர் சரிவில் ஓடும். நபட்டேயர் என்ற பழைய மக்கள் அந்தக் குறையை வைத்தே விவசாயம் செய்தார்கள்: வயலைப் போல 20, 30 மடங்கு பெரிய சரிவிலிருந்து ஓடிவருகிற தண்ணீரைச் சிறு கற்கட்டுகளால் திருப்பிப் பள்ளத்தில் இருக்கிற வயலுக்குள் விட்டார்கள். மைக்கேல் எவெனாரி என்ற தாவரவியலாளர் 1950களின் கடைசியிலிருந்து அவ்தாத்திலும் ஷிவ்தாவிலும் அந்தப் பண்ணைகளைத் திரும்பக் கட்டி, வருடத்துக்கு 100 மில்லிமீற்றர் அளவு மழையிலேயே பழமரம் வளர்த்துக் காட்டினார். மண்ணின் பௌதிக இயல்பைப் புரிந்துகொண்டால் என்ன செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கடினப்படை எப்படி உருவாகிறது? ஏன் ஒவ்வொரு பாலைவனத்திலும் வேறு வேறாக இருக்கிறது?

ஒப்பீட்டின் அடிவேர் இதுதான், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

மழைநீர் கீழே இறங்கும்போது கரையக்கூடியதைக் கரைத்துக்கொண்டு போகும். பாலைவனத்தில் அது நிலத்தடி நீர்வரை போய்ச் சேராது, பாதியில் நின்று ஆவியாகும். நின்ற இடத்தில் கொண்டுவந்ததைப் போட்டுவிடும். எது எங்கே நிற்கும் என்பது கரைதிறனைப் பொறுத்தது. ஒரு லீற்றர் தூய நீரில் சுண்ணாம்பு, அதாவது கல்சியம் காபனேற்று, நூற்றிலொரு கிராம் அளவில்தான் கரையும். ஜிப்சம் 2 முதல் 2.5 கிராம். கறியுப்பு 360 கிராம். சோடியம் நைத்திரேற்று ஏறக்குறைய 900 கிராம்.

இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அரிசோனாவில் டூசன் நகரைச் சுற்றியுள்ள சொனோரப் பாலைவனத்தில் பாலைவனத்துக்கு நல்ல மழை, கறியுப்பும் ஜிப்சமும் ஆழத்துக்குப் போய்விட, சுண்ணாம்பு மட்டும் நிற்கிறது. அங்கே மரம் நட மண்வெட்டி காணாது, அலவாங்கு வேண்டும். நமீபியாவின் நமீப் பாலைவனத்துக் கரையோரச் சரளைவெளியில் வருடத்துக்கு 20 மில்லிமீற்றர்கூட மழை இல்லை, மூடுபனிதான் ஈரம், ஆகவே ஜிப்சம் தரையோடேயே நிற்கிறது. அட்டகாமாவின் நடுப்பகுதியில் நைத்திரேற்றே கழுவுப்படாமல் படையாக இருந்தது. அவ்வளவு இலகுவில் கரைகிற பொருள் மண்ணில் இருக்கிறதென்றால் அங்கே எவ்வளவு காலம் உருப்படியான மழை இல்லை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பசளைக்கும் வெடிமருந்துக்கும் அதைத் தோண்டி எடுத்தார்கள். அந்தப் படிவுகளுக்காகத்தான் 1879 முதல் 1884 வரை சிலி ஒரு பக்கமும் பெருவும் பொலிவியாவும் மறுபக்கமுமாகப் போர் செய்தன.

எங்கள் கொழும்பில் வருடத்துக்கு 2400 மில்லிமீற்றர் அளவு மழை. சுண்ணாம்பு, ஜிப்சம், உப்பு ஒன்றும் மிஞ்சவில்லை, சிலிக்காவிலும் கணிசமான பங்கு போய்விட்டது, இரும்பும் அலுமினியமும் தங்கிக் கபுக்கல்லாகிவிட்டது. பழைய மதில்களில் பார்க்கிற அந்தச் செங்கபிலக் கல்லும் அட்டகாமாவின் உப்புப் படையும் ஒரே விதியின் இரண்டு முனைகள்.

சுண்ணாம்புப் படைக்கு வயதுக் கணக்கும் உண்டு. லீலண்ட் கைல் என்ற அமெரிக்க மண்ணியலாளரும் சகாக்களும் 1966இல் நியூ மெக்சிகோ மண்ணை வைத்து அதை நான்கு கட்டமாகப் பிரித்தார்கள். முதலாவதில் கூழாங்கல்லின் அடிப்பக்கத்தில் மட்டும் வெள்ளைப் பூச்சு, நாலாவதில் துளையெல்லாம் அடைபட்டு அதன்மேல் தகடு தகடாகப் படிந்த கல். இன்றைக்கும் களத்தில் அந்தப் பிரிப்புத்தான் பாவனையில் இருக்கிறது.

கடினப்படை நாலைந்து மீற்றர் ஆழத்தில் இருந்தால் விவசாயிக்கு அதனால் என்ன?

தார்ப் பாலைவனத்து இந்திரா காந்தி கால்வாயைப் பாருங்கள். பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் சேர்கிற ஹரிக்கேயிலிருந்து ராஜஸ்தானுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற கால்வாய், 1958இல் வேலை தொடங்கியது. மேல்மண் நல்ல மணல், தண்ணீர் விட்டால் உறிஞ்சும், கோதுமையும் பருத்தியும் விளைந்தது. ஆனால் பல இடங்களில் கீழே சில மீற்றரில் ஜிப்சமும் சுண்ணாம்புக் கட்டியும் களியும் சேர்ந்த படை. விட்ட தண்ணீர் அதன்மேல் தேங்கி, வருடா வருடம் மேலே ஏறி, கூடவே உப்பையும் ஏற்றிக்கொண்டு வந்தது. கால்வாயின் முதற்கட்டப் பகுதியில், ஹனுமான்கர் பக்கம், பாலைவன நடுவில் வயல்கள் சதுப்பாகி வீடுகளும் இடிந்தன. மேல்மண்ணின் இழையமைப்பை மட்டும் பார்த்தவருக்கு அந்த இடம் வடிகாலுக்கு உத்தமமாகத் தெரிந்திருக்கும். எனக்கு இதை நினைத்தால் இன்னும் மனம் கொதிக்கும், துளையிட்டுப் பார்ப்பதற்கு ஆகிற செலவு கால்வாய்ச் செலவில் ஒரு தூசு.

மகன் வளைகுடாவில் சைற்றில் வேலை செய்கிறான். இறுகின உப்புத்தரையில் லொறி போய் அச்சுவரை புதைந்துவிட்டதாம். மழைகூட இல்லை. இது எப்படி அம்மாடி நடக்கும்?

அம்மா, அது சப்கா. கரையோரத்திலும் உள்நாட்டுப் பள்ளங்களிலும் இருக்கிற உப்புத்தட்டு. அபுதாபிக் கரையில் பரந்து கிடக்கிறது, ஓமானின் உம் அஸ் சமீமும் இதே இனம். நிலத்தடி உப்புநீர் ஒரு மீற்றர் ஆழத்திலேயே இருக்கும். வெயில் அதை மேலே இழுத்து ஆவியாக்க, கறியுப்பும் ஜிப்சமும் தரையில் ஓடு கட்டும். அந்த ஓடு காய்ந்திருக்கும்போது கல் போலிருக்கும், ஆள் நடக்கலாம், சில இடத்தில் காரும் போகும். அதற்குக் கீழே இருப்பது தண்ணீர் நிறைந்த இளகின வண்டலும் மணலும். ஓட்டின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறும், மேலே பார்த்துச் சொல்ல முடியாது. கடற்பெருக்கோ, இரவுப் பனியோ, யாராவது கழுவிவிட்ட தண்ணீரோ உப்பைக் கொஞ்சம் இளக்கினாலே பலம் போய்விடும். லொறியின் பாரத்துக்கு ஓடு உடைந்தால் பிறகு பிடிக்க ஒன்றும் இல்லை.

மகனிடம் சொல்லுங்கள், பழைய ரயர்த் தடம் இல்லாத வெள்ளைத் தரையில் வாகனத்தை இறக்க வேண்டாம், தடம் இருந்தாலும் முன்னால் இறங்கி நடந்து ஒரு கம்பியால் குத்திப் பார்க்கட்டும்.

ஆய்வுகூடத்தில் பாலைவன மண்ணுக்கு ஏதாவது தனிக் கவனம் தேவையா?

தேவை. மண்ணின் ஈரத்தை அளக்க 105 பாகை செல்சியஸில் உலர்த்துவது எங்கும் உள்ள வழக்கம். ஜிப்சம் உள்ள மண்ணை அப்படி உலர்த்தக்கூடாது. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் படிகத்துக்குள்ளேயே கட்டுண்டு இருக்கிறது, அந்தச் சூட்டில் அதிலும் பெரும்பங்கு வெளியேறிவிடும். கையில் எடுத்தால் புழுதி பறக்கிற மண்ணுக்கு ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் என்று அறிக்கை வந்தால் அதுதான் காரணம். 60 பாகையில், கூடுதல் நேரம் வைத்து உலர்த்துங்கள். கேட்டால் சின்ன விஷயம், ஆனால் அந்த எண்ணை வைத்துத்தான் அடுத்து அடர்த்தி, அதை வைத்து அத்திவாரம் என்று போகும்.

நமீப் சிவப்பு, நியூ மெக்சிகோவில் வெள்ளை. நிறம் எதைச் சொல்கிறது?

சிவப்பு என்றால் மணலைச் சுற்றி மெல்லிய இரும்பொட்சைட்டுப் பூச்சு. நமீப்பில் கரையோரம் வெளிறிய மஞ்சள், உள்ளே போகப் போகச் சிவப்பு கூடும். அவுஸ்திரேலியாவின் சிம்சன் பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான நீண்ட மணல்மேடுகள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகச் சிவந்து கிடக்கும், சில 200 கிலோமீற்றர் நீளம்.

நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸ் 700 சதுர கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல், மணல்மேடு முழுக்க ஜிப்சம். சாதாரணமாக ஜிப்சம் ஆற்றில் கரைந்து கடலுக்குப் போய்விடும், ஆனால் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஆறு வெளியே போகவில்லை. ஜிப்சத்தின் அடர்த்தி 2.3, கடினம் 2; குவாட்ஸ் 2.65, கடினம் 7. நகத்தாலேயே ஜிப்சத்தைக் கீறலாம்.

நிறத்தை வைத்து வளம் சொல்லாதீர்கள். கிளிநொச்சிச் செம்மண் ஞாபகத்தில் சிவப்பெல்லாம் நல்ல மண் என்று எங்கள் ஆட்கள் நினைப்பது உண்டு.

மண் எவ்வளவு சூடாகும்?

ஈரானின் லூத் பாலைவனத்தில் 2005இல் செய்மதி அளந்த தரை வெப்பம் 70.7 பாகை. உலர்ந்த மணல் வெப்பத்தை அவ்வளவாகக் கடத்தாது, நனைந்தால் ஐந்து மடங்குக்கு மேல் கடத்தும். ஆகவே வெப்பம் மேலேயே நிற்கும், ஓர் அடி கீழே பகலும் இரவும் ஏறக்குறைய ஒன்று. பல்லியும் வண்டும் மணலுக்குள் புதைவது இதற்காகத்தான்.

பாலைவனத் தூசு எல்லாம் மணல்தானே?

மணல் அவ்வளவு தூரம் பறக்காது. தூசு வருவது வண்டலும் களியும் உள்ள இடத்திலிருந்து, முக்கியமாக வற்றிய ஏரிகளிலிருந்து. உலகத்தில் மிகப் பெரிய தூசு மூலம் சாட் நாட்டின் போடெலே பள்ளம், ஒரு காலத்தில் பெரிய ஏரியின் அடித்தளம். அங்கே தரை டயற்றம் என்ற நுண்ணுயிர்களின் ஓடுகளால் ஆனது, பாரமே இல்லாதது. திபெஸ்தி, என்னேதி மலைகளுக்கு நடுவால் காற்று ஒடுங்கி வேகமெடுத்து அதை அள்ளும். சஹாராத் தூசோடு வருடத்துக்கு 22,000 தொன் அளவு பொசுபரசு அமேசன் காட்டில் விழுகிறது என்று 2015இல் நாசா செய்மதித் தரவை வைத்துக் கணித்தார்கள். ஆசியாவிலோ, கோபியும் அதைச் சுற்றியுள்ள வரண்ட நிலங்களும் அனுப்பிய தூசு சீனாவின் லோயஸ் மேட்டுநிலமாக 100 மீற்றருக்கு மேல் தடிப்பில் குவிந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்து மணற்காடும் மன்னாரும் பாலைவனமா?

இல்லை. வடமராட்சி கிழக்கு மணற்காட்டில் நிற்கிற மணல்மேடு காற்றால் ஆனதுதான், சரிவுகூடப் பாலைவனத்து மேடுகளைப் போல 32, 34 பாகைக்கு மேல் நிற்காது, சல்லடையில் போட்டாலும் ஒரே பருமன்தான் வரும். ஆனால் வருடத்துக்கு ஆயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை. ஒவ்வொரு வாடைப் பருவமும் உப்பைக் கழுவிவிடும். கீழே வெட்டினால் ஜிப்சப் படையோ உப்புப் படையோ கிடையாது, மணல் பிடித்துவைத்த நல்ல தண்ணீர் இருக்கும். மேலே பார்க்க ஒன்று, கீழே பார்க்க வேறு. மன்னாரில் மழை அதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனாலும் பாலைவன அளவைப் போல நான்கு மடங்கு. அந்த மணல்மேட்டை அள்ளி விற்கிறவர்கள் நிலத்தடித் தண்ணீரின் தாங்கியையே அள்ளுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் அல்லது பாடசாலையில் செய்து பார்க்க எதாவது?

உயரமான சோடாப் போத்தலில் மூன்றிலொரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள். நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் சேர்வது மணல், அங்கே ஒரு கோடு போடுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் அதன்மேல் சேர்வது வண்டல். களி அடுத்த நாள்வரை தண்ணீரில் நிற்கும். காலிமுகத்திடல் கடல்மணல், வீட்டு முற்றத்து மண், கபுக்கல் தூள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகளுக்கு இழையமைப்பு வாழ்நாளுக்கு மறக்காது.

உப்பு மண்ணில் இந்தச் சோதனை ஏமாற்றும். உப்பு களித் துணிக்கைகளைத் திரளச் செய்து சீக்கிரம் கீழே இறக்கிவிடும், களியை வண்டல் என்று கணக்கெடுத்துவிடுவீர்கள். மண்ணை முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் கழுவி, தெளியவிட்டு வடித்துவிட்டுச் செய்யுங்கள்.

கட்டாரிலிருந்து அண்ணா வருகிறார், ஒரு போத்தல் மண் கொண்டுவரச் சொல்லவா?

வேண்டாம். தாவரத் தடுப்புக்காப்பு அனுமதி இல்லாமல் வெளிநாட்டு மண்ணை நாட்டுக்குள் கொண்டுவர முடியாது, அது நியாயமான சட்டம், மண்ணோடு நோயும் புழுவும் வரும். அதைவிட, ஒரு போத்தல் மேல்மணல் ஒப்பீட்டுக்குப் பெரிதாக உதவாது. அண்ணாவுக்கு நேரம் இருந்தால், அனுமதியுள்ள ஒரு வெட்டுக் கிடங்கில் அல்லது வீதியோர வெட்டில், பக்கத்தில் அளவுநாடாவைத் தொங்கவிட்டு, மேலிருந்து கீழாக முழுப்பக்கமும் தெரியப் படம் எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளைப் படை எந்த ஆழத்தில் தொடங்குகிறது, ஆணியால் கீறுப்படுகிறதா, வினாகிரி விட்டால் நுரைக்கிறதா என்று மூன்றையும் குறித்துக்கொண்டு வரட்டும். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. நுரைக்காமல் நகத்தாலும் கீறுப்பட்டால் பெரும்பாலும் ஜிப்சம்.